வழியனுப்பத் தெரியாத வீடு

கம்போடியாவில், மேகாங் ஆறு ஒரு பெரிய வளைவு வளைந்து தெற்கே திரும்பும் இடத்தில் கம்போங் ஸ்லா என்றொரு ஊர் உண்டு; அந்த ஊரில் மழைக்காலம் வந்தால் ஆறு ஏறும், கோடை வந்தால் இறங்கும், பள்ளிக்கூடத்து மணி சில நாள் அடிக்கும், சில நாள் அடிக்காது, அதுபோல அநாதைப் பிள்ளைகள் இருக்கும் இல்லத்து வீடு சில சமயம் எழுந்து நடக்கும். அதை யாரும் பெரிய சேதியாகப் பேசிக்கொள்வதில்லை.

அங்கே எல்லா வீடுகளுக்கும் கால் இருக்கும். வெள்ளத்துக்குப் பயந்து, ஆள் உயரத்துக்கும் மேலே மரத்தூண்களை நட்டு, அதன்மேல் பலகை பரப்பி, ஓடு வேய்ந்து, ஏறி இறங்க ஏணி வைத்துத்தான் கட்டுவார்கள். வீட்டுக்கு அடியில் மாடு படுத்திருக்கும், கோழி கிளறிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இல்லத்தையும் அப்படித்தான் கட்டினார்கள், ஆனால் ஆற்றங்கரையில் கட்டவில்லை. ஊருக்கு மேற்கே இருக்கும் குன்றின் உச்சியில், புத்த மடத்துக்குப் பக்கத்தில், எந்த வெள்ளமும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் கட்டினார்கள். பிறகு எப்படி அது ஆற்றங்கரைக்கு வந்தது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "எப்படி வரும், நடந்துதான் வந்தது" என்பார்கள்.

பிள்ளைகளோடு கூட இருந்து உதவி செய்யவென்று வெளிநாட்டிலிருந்து முதன்முதலாக வந்தவர் ஓர் உயரமான தாடிக்காரர். பட்டம் ஒட்டிக் கொடுத்தார், பல் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தார், தோளுக்கு ஒன்றாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சந்தை முழுக்கச் சுற்றினார். ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்ததும், பிள்ளைகள் அழுவார்களே என்று அவருக்குப் பயம். விடியும் முன்னே, பிள்ளைகள் தூங்கும்போதே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கிப் படகுத்துறைக்குப் போய்ப் படகேறிவிட்டார். விடிந்து பார்த்தால் வீடு மடத்துக்குப் பக்கத்தில் இல்லை. குன்றின் சரிவில், ஒரு மாந்தோப்புக்கு நடுவில், ஆற்றைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. வந்த வழியெல்லாம் தூண் பதிந்த வட்ட வட்டமான தடம். பிள்ளைகள் ஜன்னலில் நின்றார்கள். அடுக்களையில் நிறைத்து வைத்த தண்ணீர்ப் பானை ஒரு சொட்டும் சிந்தாமல் இருந்தது.

தோப்புக்காரர் வந்து பார்த்தார். வந்த வீட்டைப் போ என்று சொல்வது முறையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "பிஞ்சில் கல்லெறியாமல் இருந்தால் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தபால்காரர் இரண்டு நாள் குன்றேறி இறங்கிப் புலம்பிவிட்டு மூன்றாம் நாள் பழகிக்கொண்டார். காலையில் பிச்சைப் பாத்திரம் ஏந்தி வரும் பிக்குகள் தங்கள் வழியைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்கள். கரண்ட் கம்பி இழுக்க வந்த ஆள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சுருள் கம்பியை அதிகமாக விட்டுக் கட்டினார். அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அடுத்து வந்த ஜப்பான்காரப் பெண்கள் இருவரும் அதேபோல விடியற்காலையில் சத்தமில்லாமல் படகேறிப் போனபோது, வீடு மறுபடியும் எழுந்து, தோப்பைத் தாண்டி, சந்தைக்குப் பின்னால் வந்து நின்றது.

அதற்குப் பிறகும் பலர் வந்தார்கள், பலர் போனார்கள். ஒவ்வொரு தடவையும் வீடு அவர்கள் போன வழியில், ஆற்றைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. சங்கிலி போட்டுப் புளியமரத்தில் கட்டிப் பார்த்தார்கள். வீடு புளியமரத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகளை மடத்துச் சத்திரத்தில் தங்க வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் படகேறிப் போன அன்றைக்குச் சத்திரம் அசைந்து கொடுத்து இரண்டடி நகர்ந்தது, பெரிய பிக்கு பிள்ளைகளை அன்போடு திருப்பி அனுப்பி, "சத்திரத்துக்கு வயசாகிவிட்டது, அதால் நடக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். நடக்கிற குணம் வீட்டில் இல்லை, பிள்ளைகளிடம் இருக்கிறது என்று ஊருக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருமுறை கல்யாண ஊர்வலம் ஒன்று தெருவில் வரும்போது வீடு குறுக்கே போனது. ஊர்வலம் ஓரமாக ஒதுங்கி நின்றது. மாப்பிள்ளை குடையைச் சாய்த்துப் பிடித்து வழிவிட்டார். அந்தப் பொண்ணு மாப்பிள்ளை நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

ஆனால் இப்போது வீடு வந்து நின்ற இடம் ஆற்றின் கரை விளிம்பு. முன்னங்கால் தூண்களைச் சுற்றி மண் அரித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒருவர் படகேறிப் போனால் வீடு பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கிவிடும் என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

இல்லத்தைப் பார்த்துக்கொண்டவள் பல்லா. அறுபது தாண்டியவள், அகலமான முகம், படகுத்துறை வரைக்கும் கேட்கும் குரல். பிள்ளைகள் அவளை 'ஓம்' என்று கூப்பிடுவார்கள். அந்த நாட்டு மொழியில் அதற்குப் பெரியம்மா என்று அர்த்தம். பல்லா ஒரு சட்டம் போட்டாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வேலை செய்யலாம், பாசம் காட்டக் கூடாது. பிள்ளையைத் தூக்கக் கூடாது, கதை சொல்லக் கூடாது, தலை பின்னிவிடக் கூடாது. அதன்பிறகு வந்தவர்கள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார்கள், போனார்கள். வீடு அசையவில்லை. ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. பிள்ளைகளும் சத்தமில்லாமல் இருந்தார்கள். அந்தச் சத்தமில்லாமையைக் கேட்கச் சகிக்காமல் பல்லா பல நாள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனாள்.

அப்படி இருக்கும்போதுதான் செல்வக்கனி வந்து சேர்ந்தாள்.

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் செம்மணல் மேடாகக் கிடக்கும் ஒரு தேரிக்காட்டு ஊர் அவளுக்கு. பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளிடம் பால்வாடியில் நாள் பூராவும் அழுதுகொண்டே இருந்த ஒரு பெண், வளர்ந்து, படித்து, கம்போடியத் தலைநகரில் வேலை பார்த்தாள். அவள்தான் இந்த இல்லத்தில் ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள், மூன்று மாதம் வந்திருந்து உதவ முடியுமா டீச்சர் என்று கேட்டாள். செல்வக்கனியிடம் பாஸ்போர்ட் இருந்தது. எருசலேமுக்குப் போவதற்காக எடுத்தது; அந்தப் பயணம் நின்றுபோய், பாஸ்போர்ட் பீரோவில் கிடந்தது. அவள் புருஷன் தங்கராசு மினி பஸ் ஓட்டுகிறவர். "கர்த்தர் எருசலேமுக்கு அனுப்பல, கம்போடியாவுக்கு அனுப்புதாரு. போயிட்டு வா. ஆனா பெர்சிஸ் பிரசவத்துக்கு முன்னாடி வந்துரணும்" என்றார். பெர்சிஸ் அவர்களுடைய ஒரே மகள், அப்போது அவளுக்கு ஆறாம் மாசம்.

படகை விட்டு இறங்கி, முழங்கால் வலியோடு ஏணிப்படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறி வந்தவளைப் பல்லா ஏற இறங்கப் பார்த்தாள். தலைநகரிலிருந்து கூட வந்த அந்தப் பழைய மாணவி மொழி மாற்றிச் சொன்னாள்.

"சமையலுக்கும் துவைக்கிறதுக்கும் இருந்த ரெண்டு பொண்ணுங்களும் தையல் கம்பெனிக்குப் போயிட்டாங்க. உங்க கை மட்டும் இருந்தாப் போதும். மனசை ஊர்லயே வச்சுட்டு வந்திருக்கணும்."

"சரிக்கா" என்றாள் செல்வக்கனி. வீடு நடக்கிற கதையையும் கேட்டுக்கொண்டாள். அன்று மாலை தங்கராசு போனில் கூப்பிட்டபோது அதைச் சொன்னாள்.

"வீடு நடக்குதா?"

"ஆமாங்க."

"சொந்த வீடா, வாடகை வீடா?"

"டிரஸ்ட் வீடு."

"அப்பச் சரி. நம்ம வீடு நடந்தா தீர்வை எந்தப் பஞ்சாயத்துல கட்டன்னு தெரியாம அலையணும்" என்றார் தங்கராசு. அவருக்கும் அது பழகிவிட்டது.

செல்வக்கனி சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். சோறு வடித்தாள், துணி துவைத்தாள், மூக்கு ஒழுகினால் துடைத்தாள், ஆனால் துடைத்த கையை உடனே எடுத்துக்கொண்டாள். பிள்ளைகளிடமிருந்தே அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டாள். ஆதலால் அவள் அந்த மொழியை ஐந்து வயதுப் பிள்ளை மாதிரிதான் பேசினாள், சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட "எனக்கு இது வேணும், அது வேணாம், அது அசிங்கமா இருக்கு" என்பாள், கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே நல்லதாகப் பொறுக்கிப் போடுவார்கள். பிள்ளைகள் அவளை 'மிங்' என்று கூப்பிட்டார்கள். சித்தி என்று அர்த்தம்.

அந்தப் பிள்ளைகளில் கொலாப் என்றொரு பெண்குழந்தை. ஆறு வயதிருக்கும். எல்லோரும் பாயில் படுத்துத் தூங்குவார்கள், கொலாப் மட்டும் ஏணி இறங்கும் வாசலில், குறுக்காக, உட்கார்ந்தபடியே தூங்குவாள். முன்னே வந்து போன ஒரு பெண்ணின் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் தூங்கப் போனவள், காலையில் எழுந்தபோது கையில் துணி மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து அவள் வாசலைக் காவல் காக்கிறாள், தன்னைத் தாண்டாமல் ஒருவரும் இறங்கிப் போய்விடக் கூடாது என்று. புதிதாக வருகிறவர்கள் யாரிடமும் அவள் பேசுவதில்லை. செல்வக்கனியிடமும் பேசவில்லை.

ஒருநாள் காலை, யாரோ நன்கொடையாக அனுப்பிய மூட்டையில் ஒரு மஞ்சள் கவுன் கொலாப்புக்குச் சரியாக இருந்தது. செல்வக்கனி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொலாப் வந்து முன்னால் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றாள். அப்போது செல்வக்கனியின் இரண்டு கைகளும் அவளைக் கேட்காமலே எழுந்து, குழந்தையின் கன்னம் இரண்டையும் மேலிருந்து கீழாக வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தி நெட்டி முறித்தன. பத்து விரலும் படபடவென்று சொடுக்கின.

கொலாப் பயந்துபோய் அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். "உடைஞ்சு போச்சா?"

அதுதான் அவள் செல்வக்கனியிடம் பேசிய முதல் வார்த்தை.

"இல்ல. உன் மேல எல்லாரும் வச்ச கண்ணுதான் உடைஞ்சுது."

"இன்னும் இருக்கா பாரு" என்று கொலாப் கன்னத்தைக் காட்டினாள்.

மறுநாள் காலையில் அடுக்களை வாசலில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள், மீசை அரும்பத் தொடங்கியவன்கூட ஏதோ தற்செயலாக வந்தவன் மாதிரி கடைசியில் நின்றான். செல்வக்கனி ஒவ்வொருவராகக் கன்னத்தை வழித்து முறித்தாள். பல்லா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். திட்டவில்லை. ஏணியில் இறங்கிப் போய் முன்னங்கால் தூண்களைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் சத்தம் வந்தது. சண்டைச் சத்தம், சிரிப்புச் சத்தம், பானையைத் தட்டுகிற சத்தம். பிள்ளைகள் கூடுதலாகச் சோறு கேட்டார்கள். பல்லா சாப்பாட்டில் பாதியில் எழுந்திருப்பதை விட்டாள். ஆனால் சந்தையில் நூடுல்ஸ் கடை வைத்திருந்த ரான் ஒருநாள் செல்வக்கனியைக் கூப்பிட்டு, ரொம்ப சாதாரணமாக, "நீ இங்கே வந்து நின்னா வீடு இந்தப் பக்கம் திரும்பிப் பாக்குது, கவனிச்சியா?" என்றாள். செல்வக்கனி திரும்பினாள். ஆற்றைப் பார்த்து நின்ற வீடு, மாடு கழுத்தைத் திருப்புகிற மாதிரி, தன் முகப்பை லேசாகச் சந்தைப் பக்கம் சாய்த்து நின்றிருந்தது.

இரண்டு மாதம் முடிந்த சமயத்தில் தங்கராசு போன் செய்தார். அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை.

"கனி, பெர்சிசுக்குப் பிரஷர் கூடிட்டு. காலெல்லாம் வீங்கிக் கிடக்கு. டாக்டரம்மா முன்னாடியே எடுத்துரணும்னு சொல்லுதா. பிள்ளை உன்னையத்தான் கேட்டு அழுதா."

"வாரேங்க" என்றாள் செல்வக்கனி. சொல்லிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு, ஆற்றையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தாள். அங்கே தன் வயிற்றில் பிறந்தது கூப்பிடுகிறது. இங்கே வீடே தண்ணீரில் இறங்கக் காத்து நிற்கிறது.

அன்றே மடத்துச் சத்திரத்தில் ஊர் கூடியது. யாரும் செல்வக்கனியைக் குறை சொல்லவில்லை. மகள் பிரசவத்துக்குத் தாய் போகாமல் இருப்பாளா என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தூண்களை அறுத்துவிடலாம் என்றார் ஒருவர். கால் இல்லாத வீட்டை மழைக்காலத்தில் எங்கே வைப்பது என்று இன்னொருவர் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் படகுக்காரர் சரோன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளைகளுக்கு இவங்களைப் பிடிக்காமப் போச்சுன்னா வீடு நடக்காது. ரெண்டு நாள் கொஞ்சம் கடுமையா இருந்து பாக்கட்டும்."

செல்வக்கனி சரி என்றாள். வேறென்ன சொல்வாள்.

மறுநாள் காலை அடுக்களை வாசலில் வரிசை நின்றபோது, "வேலையில்லையா உங்களுக்கு? போங்க" என்று கத்தினாள். பிள்ளைகள் கலைந்து போனார்கள். கொலாப் சோற்றைச் சிந்தினாள். செல்வக்கனி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல், "சோத்தோட அருமை தெரியுதா உனக்கு? அடி வாங்கினாத்தான் புத்தி வரும்" என்று அந்த மொழியில் தனக்குத் தெரிந்த மோசமான வார்த்தைகளையெல்லாம் சேர்த்துத் திட்டினாள். கொலாப் அழவில்லை. எழுந்து போய், அடுப்படியிலிருந்து பெரிய அகப்பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து செல்வக்கனியிடம் கொடுத்து, உள்ளங்கையை நீட்டினாள்.

"அடிச்சுக்கோ மிங். ஆனா போகாத."

அகப்பை கீழே விழுந்தது. செல்வக்கனி பிள்ளையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். வீட்டின் பலகைகள் எல்லாம் ஒருமுறை முனகின. பல்லாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொலாப்பு, நான் போவணும்" என்றாள் செல்வக்கனி. "எனக்கு ஒரு மவ இருக்கா. அவளுக்கு உடம்பு சரியில்ல. பாப்பா பொறக்கப் போவுது."

பல்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போகிற சேதியைப் பிள்ளைகளிடம் சொல்லும் வழக்கமே அந்த வீட்டில் இருந்ததில்லை. "சொல்லிட்டியே! இனி அழுவாங்களே!"

"அழட்டும்க்கா. அழுதா கண்ணத் துடைக்க நான் பக்கத்துல இருக்கும்போதே அழட்டும். சொல்லாமப் போனா யாரப் பாத்து அழுவாங்க?"

கொலாப் மடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "எப்ப போவ?"

"நாளைக்கு. விடிஞ்சு, வெயில் வந்து, நீங்க எல்லாம் சாப்பிட்டு முடிச்ச பிறகு போவேன். உன்னைத் தாண்டி, உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்."

கொலாப் யோசித்தாள். அவளுக்கு அது புதிது. அன்றைக்கு அவள் மற்ற பிள்ளைகளோடு பாயில் படுத்தாள். வாசல் காலியாகக் கிடந்தது.

ஆனால் சொல்லிவிட்டுப் போனால் மட்டும் வீடு நின்றுவிடுமா என்று யாருக்கும் தெரியாது. அன்று மாலையே செல்வக்கனி சரோனைத் தேடிப் படகுத்துறைக்குப் போயிருந்தாள்.

"தம்பி, நான் படகுல வரலன்னா? வேற வழி எதுவும் இருக்கா?"

"குன்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ரோடு இருக்கு, பஸ் வரும். ஆனா பாதை கிடையாது, விறகு பொறுக்கப் போறவங்கதான் போவாங்க. உங்க முழங்காலுக்கு…" என்று சொல்லிக்கொண்டே வந்த சரோன் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த துடுப்பைக் கீழே வைத்தார். வந்தவர்கள் எல்லோரும் ஆற்றுப் பக்கமாகப் போனார்கள், வீடும் ஆற்றுப் பக்கமாக வந்தது. ஒருவர் மேற்கே போனால் வீடும் மேற்கே ஏறும் என்று இத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. அவர் படகோட்டுகிறவர், அவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஊரே வேலைக்குப் போகவில்லை. வீடு முன்பு இறங்கி வந்த தடத்தில் யாரும் எதுவும் கட்டியிருக்கவில்லை, புல் மட்டும் வளர்ந்திருந்தது. அதில் மேய்ந்த மாடுகளை ஓட்டிவிட்டார்கள், ரான் தன் கடையின் பந்தலைப் பிரித்து ஓரமாக வைத்தாள், தோப்புக்காரர் தாழ்ந்த கிளைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். செல்வக்கனி பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். ஒவ்வொருவராகக் கன்னம் வழித்தாள். அழுத பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தாள், துடைத்த கையை எடுக்கவில்லை. பிறகு, "வாரேன்" என்றாள்; அந்த மொழியில் அதற்கு வார்த்தை தெரியாததால் தமிழிலேயே சொன்னாள். ஏணியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே நடந்தாள். சரோன் அவளுடைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார்.

சந்தையை அவள் தாண்டியபோது பின்னால் சேற்றிலிருந்து கால் பிடுங்குகிற சத்தம் கேட்டது. ஒரு தூண், இன்னொரு தூண், பிறகு எல்லாத் தூண்களும். வீடு மெதுவாக, சின்னப் பிள்ளை முதன்முதலாக எழுந்து நிற்கிற மாதிரி ஆடி நிமிர்ந்து, முகத்தை மேற்கே திருப்பிப் புறப்பட்டது. தேருக்குப் பக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு நடக்கிறவர்களைப் போல ஆண்கள் இரண்டு பக்கமும் நடந்தார்கள், பள்ளம் வந்தால் கட்டை போட்டார்கள். பல்லா வீட்டின் மூலைத் தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அழைத்துப் போகிற பசுவோடு பேசுகிற மாதிரி, "பாத்து, பாத்து, இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். செல்வக்கனி நின்றால் வீடு நின்றது. நடந்தால் நடந்தது.

சந்தையைக் கடந்தார்கள், மாந்தோப்பைக் கடந்தார்கள், குன்றின் ஏற்றம் தொடங்கியது. பாதி ஏற்றத்தில் செல்வக்கனியின் முழங்கால் மடங்கியது. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த மாத்திரத்தில் வீட்டின் பின்கால்கள் சரளைக் கல்லில் வழுக்கின. வீடு ஓரடி பின்னால் சரிந்தது. கூட வந்தவர்கள் கத்திக்கொண்டு கட்டை போட்டார்கள். செல்வக்கனி திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் எல்லாவற்றிலும் பிள்ளைகளின் முகம். இவர்களை விட்டுவிட்டு எங்கே போகிறேன் என்று நினைத்தாள். இப்படியே எழுந்து அவர்களிடம் ஓடிவிடலாம் என்று தோன்றியது. அவள் கீழே இறங்கினால் வீடும் கீழே இறங்கும் என்பதை மறந்து ஒரு காலைத் திருப்பி எடுத்தும் வைத்துவிட்டாள்.

அப்போது நடு ஜன்னலிலிருந்து கொலாப் கத்தினாள்.

"போ மிங்!"

ஊரே அண்ணாந்து பார்த்தது. கொலாப் மஞ்சள் கவுனோடு ஜன்னல் கட்டையில் ஏறி நின்று, முகமெல்லாம் கண்ணீராக, தொண்டை கிழியக் கத்தினாள். "பாப்பா பொறக்கப் போகுது! போ!"

பிறகு எல்லா ஜன்னலிலிருந்தும் அதே சத்தம் வந்தது. போ, போ, போ என்று அழுதுகொண்டே கத்தினார்கள். இதுவரைக்கும் ஒருவரையும் வழியனுப்பக் கொடுத்து வைக்காத பிள்ளைகள், விட்டுப் போன எல்லோருக்கும் சேர்த்து அன்றைக்குக் குரல் கொடுத்தார்கள். செல்வக்கனி முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். சரோனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஏறினாள்.

உச்சியில் மடத்துக்குப் பக்கத்தில் வீடு பழைய இடத்தில் போய் நின்றது. பிக்குகள் வெளியே வந்து ஆசி சொன்னார்கள். அதற்கு மேலே போனால் குன்றின் அந்தப் பக்கம் செங்குத்தான சரிவு. அவள் இறங்கும்போது வீடும் தொடர்ந்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, கேட்கவும் நேரமில்லை. பல்லா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பின்னால பாக்காதே, போ" என்றாள். செல்வக்கனி திரும்பிப் பார்க்காமல், புதர்களைப் பிடித்து இறங்கினாள். பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இறங்கினாள். காற்று மட்டும்தான் கேட்டது; அது வீட்டின் மூச்சா, மரங்களின் சத்தமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பெரிய ரோட்டில் பஸ் வந்தது. சரோன் பெட்டியை ஏற்றிவிட்டுக் கையசைத்தார்.

அவள் ஊர் வந்து சேர்ந்த அன்றைக்குத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பெர்சிசுக்கு ஆபரேஷன் ஆயிற்று. பிள்ளையும் தாயும் சுகம். எடை குறைவாக, சிவப்பாக, கோபமான முகத்தோடு ஒரு பெண்குழந்தை. தங்கராசு வராந்தாவில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டு செல்வக்கனி முதல்முறையாக முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபோது பல்லா போன் செய்தாள்.

"என்னாச்சுக்கா? வீடு…?" என்றாள் செல்வக்கனி.

"நீ இறங்கினதும் பிள்ளைங்க எல்லாம் ஏணியில இறங்கி ஓடி வந்து விளிம்புல நின்னாங்க" என்றாள் பல்லா. "நீ சின்னதாப் போற வரைக்கும் பாத்தாங்க. உன் சேலை தெரியிற வரைக்கும் பாத்தாங்க. பஸ் வந்து நீ ஏறினதையும் பாத்தாங்க. நான் வீட்டைத்தான் பாத்துட்டு நின்னேன். ஒரு கால் தூக்குச்சு, கனி. முன்னங்கால், இந்தப் பக்கத்துது. தூக்கினபடியே நின்னுச்சு. ஊர்ல ஒருத்தரும் மூச்சு விடல."

"அப்புறம்?"

"பஸ் போயிடுச்சு. கொலாப் கண்ணைத் துடைச்சுட்டு, என் பக்கம் திரும்பி, ஓம், பசிக்குதுன்னா. அவ சொன்னதும் மத்த பிள்ளைங்களும் பசிக்குதுன்னாங்க. எல்லாரும் ஏணி ஏறி வீட்டுக்குள்ள போனாங்க. வீடு காலைக் கீழ வச்சுடுச்சு."

மடியில் குழந்தை கொட்டாவி விட்டது. தங்கராசு கதவுக்குப் பக்கத்தில் நின்று என்ன என்று சைகையில் கேட்டார்.

"கனி? இருக்கியா?"

"இருக்கேன்க்கா. அன்னைக்கு என்ன குழம்பு வச்சீங்க?"

"பூசணிக்காயும் மீனும் போட்டு வச்சேன். கொலாப் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டா" என்றாள் பல்லா.